ஆப்பிரிக்கக் கிராமங்களில் எதை முதலில் சரிசெய்ய வேண்டும்: குழந்தைகளின் உடல்நலமா, குடிநீரா, படிப்பா?

தண்ணீர் என்றுதான் சொல்வேன். வடக்கு கானாவில் நடந்ததைப் படித்த பிறகு எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

எங்கள் தாத்தாவின் கணுக்காலில் காசளவுக்கு ஒரு தழும்பு உண்டு. சின்ன வயதில் நரம்புச் சிலந்தி, அதாவது கினிப்புழு நோய், வந்த இடம் என்பார். இந்தியாவில் அந்த நோய் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2000-இல் சான்று தந்தது. கானாவிலோ 1989-இல் ஊர் ஊராகக் கணக்கெடுத்தபோது ஏறக்குறைய 1,80,000 பேருக்கு இருந்தது.

குட்டைத் தண்ணீரில் இருக்கும் பொடி நீர்ப்பூச்சிக்குள் புழுவின் குஞ்சு இருக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தவருக்கு ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, பெரும்பாலும் காலில், கொப்புளம் எழும்பும். அது உடைந்து, சேமியா மாதிரி வெள்ளைப் புழு தலைகாட்டும். நீளம் ஒரு மீட்டர் வரை இருக்கும். குச்சியில் சுற்றி, தினம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் அறுந்து சீழ் பிடித்துவிடும். எரிச்சல் தாங்காமல் காலைக் குட்டையில் வைத்தாலோ, குஞ்சுகள் மறுபடி தண்ணீருக்குள் போய்ச் சேரும். குணப்படுத்த மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது.

புழு வந்த பிள்ளை வாரக்கணக்கில் பள்ளிக்கு நடக்க முடியாது. அம்மாவுக்கு வந்தால் தண்ணீர் சுமப்பதும் தம்பி தங்கையைப் பார்ப்பதும் மூத்த பெண்ணின் தலையில் விழும். அப்பாவுக்கு வந்தால் வயல் வேலை பையனுக்கு. வாத்தியார் இருந்தும் வகுப்பு காலியாகத்தான் கிடக்கும்.

இதை ஒழித்ததில் பெரும்பங்கு ஒரு துணிக்கு. பானை வாயில் கட்டி வடிகட்டும் வலைத்துணி. வெளியே போகிறவர்களுக்குக் கழுத்தில் கயிற்றோடு தொங்கும் சின்னக் குழாய் கொடுத்தார்கள். அதற்குள் வலை இருக்கும், குட்டையில் வைத்து உறிஞ்சினால் பூச்சி வாய்க்கு வராது. குட்டைகளுக்கு அந்தப் பூச்சியைக் கொல்லும் அபேட் மருந்தும் போட்டார்கள். அப்புறம், உள்ளூர்ப் பெண்கள் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள்: துணி கிழிந்திருக்கிறதா, யாருக்காவது கொப்புளம் தெரிகிறதா? ஒரு சின்ன ஓட்டை விழுந்தாலும் அந்தத் துணி வீண். அதனால் இந்தப் பெண்களின் நடையைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன்.

நடுவில் ஒரு அடியும் விழுந்தது. 2006-07 வாக்கில், தமாலே நகருக்குப் பக்கத்திலுள்ள சவேலுகுவில் குழாய்த் தண்ணீர் வராமல் போனது. சனங்கள் குட்டைத் தண்ணீருக்குத் திரும்பினார்கள், நோயும் திரும்பியது. விடாமல் வேலை செய்து 2010-இல் கடைசி நோயாளியைக் கண்டார்கள். 2015-இல் கானாவுக்கும் சான்று கிடைத்தது.

அதனால், ஆப்பிரிக்காவில் ஒரு கிராமத்துக்குக் கைப்பம்பு போட யாராவது நன்கொடை கேட்டால், கொடுப்பதற்கு முன் நான் இதைக் கேட்பேன்: பம்பு பழுதானால் சரிசெய்யத் தெரிந்த ஆள் அந்த ஊரிலேயே இருக்கிறாரா, உதிரிபாகம் எவ்வளவு தூரத்தில் கிடைக்கும்?