நடந்து சென்றவர்மீது கார் மோதினால் இழப்பீட்டை யாரிடம், எங்கே கேட்பது?

கேள்வி: என் தாயாருக்கு வயது 54. வீட்டிலேயே தையல் வேலை செய்து மாதம் சுமார் 12,000 ரூபாய் ஈட்டிவந்தார். ஆறு வாரங்களுக்கு முன், காய்கறி வாங்கிக்கொண்டு சாலையைக் கடந்தபோது கார் ஒன்று மோதி இடது கால் எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை செய்து தகடு பொருத்தியிருக்கிறார்கள். இதுவரை 1,80,000 ரூபாய் செலவாகிவிட்டது. காரை ஓட்டியவரே மருத்துவமனையில் சேர்த்தார், 20,000 ரூபாயும் கொடுத்தார். மேலும் 30,000 ரூபாய் தருவதாகவும், வழக்கு எதுவும் தொடர மாட்டோம் என்று முத்திரைத்தாளில் எழுதித் தர வேண்டும் என்றும் இப்போது கேட்கிறார். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் போனால் அவருடைய நோ கிளெய்ம் போனஸ் போய்விடுமாம். நாங்கள் இன்னும் காவல் நிலையத்தில் புகார் தரவில்லை. மருத்துவமனைப் பதிவேட்டில் ‘தவறி விழுந்தார்’ என்று எழுதியிருப்பதையும் இப்போதுதான் பார்த்தோம். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாமா?
– வாசகர், மதுரை

பதில்: முத்திரைத்தாளில் கையெழுத்திட வேண்டாம். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நுகர்வோர் ஆணையம் இதற்கு உரிய இடம் அன்று. உங்கள் தாயார் அந்தக் காரின் காப்பீட்டை விலை கொடுத்து வாங்கியவர் அல்லர். சட்டத்தின் பார்வையில் அவர் ‘மூன்றாம் நபர்’. பயணச்சீட்டு வாங்கிப் பேருந்தில் சென்றவர் விபத்தில் இறந்த வழக்கிலேயே, அதை விசாரிக்கும் அதிகாரம் நுகர்வோர் மன்றங்களுக்கு இல்லை, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குத்தான் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1995-இல், நம் மாநிலத்தின் திருவள்ளுவர் போக்குவரத்துக் கழக வழக்கில், தீர்ப்பளித்துவிட்டது. உங்கள் தாயார் தம் பெயரில் தனிநபர் விபத்துக் காப்பீடோ மருத்துவக் காப்பீடோ எடுத்திருந்து, அந்த நிறுவனம் பணம் தர மறுத்தால், அந்தப் பூசலை மட்டும் நுகர்வோர் ஆணையத்துக்கோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடமோ கொண்டுசெல்லலாம்.

அடுத்து, கார் உரிமையாளர் சொல்லும் போனஸ் கணக்கு. நோ கிளெய்ம் போனஸ் என்பது சொந்த வாகனச் சேதத்துக்கான பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. மூன்றாம் நபருக்கு ஏற்பட்ட காயத்துக்காக இழப்பீடு கோரப்படுவதால் அது பறிபோகாது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 146-ஆம் பிரிவு ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியிருப்பதே உங்கள் தாயாரைப் போன்றவர்களுக்காகத்தான். அவர் ஆண்டுதோறும் பிரீமியம் கட்டிவிட்டு, அந்தக் காப்பீட்டைப் பயன்படுத்தாமல் தம் கைப்பணத்தைக் கொடுத்து முடிக்கப் பார்ப்பதற்குக் காரணம் பெரும்பாலும் குற்ற வழக்கைப் பற்றிய அச்சமாக இருக்கும். சில வேளைகளில் ஓட்டியவரிடம் உரிமம் இல்லாததும் காப்பீடு காலாவதியானதும் காரணமாக இருக்கும். வண்டி எண்ணை வைத்து, காப்பீடு நடப்பில் இருக்கிறதா என்பதை அரசின் எம்பரிவாகன் செயலியில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அவர் மருத்துவமனையில் சேர்த்ததற்கு நன்றி சொல்லுங்கள், ஆனால் அதற்காக உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை; காயமடைந்தவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வதும், காவல் துறைக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தகவல் தருவதும் 134-ஆம் பிரிவின்படி ஓட்டுநரின் கடமை. அவற்றில் முதல் கடமையை மட்டும் செய்திருக்கிறார்.

உங்கள் வழக்கின் பலவீனம் ‘தவறி விழுந்தார்’ என்ற அந்த இரண்டு சொற்கள்தான். விபத்துப் பதிவேட்டில், அதாவது மருத்துவமனையில் ஏ.ஆர். காப்பி என்று சொல்கிறார்களே அதில், நோயாளியைக் கொண்டுவந்தவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்வது வழக்கம். கொண்டுவந்தவர் யார் என்பதும் அதிலேயே இருக்கும். மோதிய காரின் ஓட்டுநரே தகவல் தந்தவர் என்பது பதிவிலேயே தெரிந்தால், அந்தக் குறிப்பு உங்களுக்கு எதிரானது என்பதைவிட அவருக்கு எதிரானது என்று வாதிட இடம் உண்டு. அந்தப் பதிவின் நகலை உடனே வாங்குங்கள். விபத்து நடந்த விதத்தைத் தாயாரின் வாக்குமூலமாக மருத்துவமனைக்கு எழுத்தில் கொடுத்து, ஒப்புகை பெறுங்கள். சிகிச்சை அளித்த எலும்பு மருத்துவர், இந்த முறிவு வாகனம் மோதியதால் ஏற்படக்கூடியதே என்று காயச் சான்றிதழில் குறிப்பிட்டால் அது பெரிய வலு.

அதே நாளில், விபத்து நடந்த இடம் எந்தக் காவல் நிலைய எல்லையில் வருகிறதோ அங்கே புகார் கொடுங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு மட்டும் தரப்படும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிடாமல், முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யும்படி கேளுங்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125 பிரிவுகள் இதற்குப் பொருந்தும். பதிய மறுத்தால் காவல் ஆணையருக்கோ கண்காணிப்பாளருக்கோ அஞ்சலில் புகாரை அனுப்பலாம். அதற்கும் பயன் இல்லையென்றால் குற்றவியல் நடுவரை அணுகலாம். தாமதம் குறித்துக் கவலை வேண்டாம், ஆனால் அதன் காரணத்தைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள்: அறுவை சிகிச்சை, மருத்துவமனை அலைச்சல், ‘பேசித் தீர்த்துக்கொள்ளலாம்’ என்று அவர் சொல்லிவந்தது, எல்லாவற்றையும். முதல் தகவல் அறிக்கை தாமதமானது என்பதற்காக மட்டும் உண்மையான இழப்பீட்டுக் கோரிக்கையைத் தள்ளிவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் தெளிவுபடுத்தியிருக்கிறது. குற்ற வழக்கில் வேண்டிய அளவுக்கு ஐயத்துக்கு இடமற்ற சாட்சியம் தீர்ப்பாயத்துக்குத் தேவையில்லை. நிகழ்ந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினாலே போதும்.

தீர்ப்பாயத்தில் இரண்டு வழிகள் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவின்படி, தவறு யாருடையது என்று நிரூபிக்காமலேயே கொடுங்காயத்துக்கு 2,50,000 ரூபாயும் உயிரிழப்புக்கு 5,00,000 ரூபாயும் பெறலாம். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம்தான். 166-ஆம் பிரிவின்படி சென்றால், ஓட்டுநரின் அஜாக்கிரதையை நிரூபிக்க வேண்டும். ஆனால் தொகைக்கு வரம்பு இல்லை. காப்பீட்டு நிறுவனம் முன்வந்து தரும் 164-ஆம் பிரிவுத் தொகையை ஏற்றுக்கொண்டால் 166-ஆம் பிரிவு மனு காலாவதியாகிவிடும் என்பதால், கையில் வந்த பணம் என்று அவசரப்படாமல் முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அந்தக் கணக்கு எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். தாயாரின் காலில் ஏற்பட்ட ஊனம் அவருடைய உழைப்பை 20 சதவீதம் குறைத்திருக்கிறது என்று தீர்ப்பாயம் முடிவு செய்வதாக வைத்துக்கொள்வோம். தையல் இயந்திரத்தைக் காலால் மிதித்து வேலை செய்பவருக்கு இடது கால் முறிவதும், மேசையில் அமர்ந்து எழுதுபவருக்கு முறிவதும் ஒன்றாகா. உடல் ஊனத்தின் சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அது தொழிலை எவ்வளவு பாதித்தது என்று பார்க்க வேண்டும் என்பது 2010-இல் வந்த ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பின் சாரம். மாத வருமானம் 12,000 ரூபாயுடன், 50 முதல் 60 வயதுக்குள் இருக்கும் சுயதொழில் செய்பவருக்கு எதிர்கால வளர்ச்சியாக 10 சதவீதம் சேர்த்தால் 13,200 ரூபாய். ஆண்டுக்கு 1,58,400 ரூபாய். அதில் 20 சதவீதம் 31,680 ரூபாய். ஆண்டு இழப்பை எத்தனையால் பெருக்க வேண்டும் என்பதை வயதை வைத்துச் சொல்லும் பெருக்கெண், 51 முதல் 55 வயது வரையுள்ளவர்களுக்கு 11 என்பதால், வருவாய் இழப்பு மட்டும் 3,48,480 ரூபாய் ஆகிறது. இதனுடன் மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத மாதங்களின் வருமானம், வலி வேதனை, உடனிருந்தவர் செலவு, போக்குவரத்து, சத்துணவு, பின்னாளில் தகட்டை எடுப்பதற்கான அறுவை சிகிச்சை ஆகியவை தனித்தனித் தலைப்புகளில் சேரும். தீர்ப்பாயங்கள் வட்டியும் வழங்கும். அதே நேரத்தில், வருவாய் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை என்று கருதினால், பெருக்கெண்ணை விட்டுவிட்டு ஊனத்தின் ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு என்று தொகை நிர்ணயிப்பதும் நம் ஊர்த் தீர்ப்பாயங்களில் உண்டு. தொகை அப்போது கணிசமாகக் குறையும். ஆகவே தையல் வருமானத்துக்கான ஆதாரங்களை, வாடிக்கையாளர்கள் செலுத்திய வங்கிப் பதிவுகளையும் கணக்கு நோட்டையும், இப்போதே எடுத்துவையுங்கள். அவர் வீட்டு வேலை மட்டும் செய்பவராக இருந்திருந்தாலும் கோரிக்கைக்குத் தடை இல்லை; இல்லத்தரசியின் உழைப்புக்கும் வருமான மதிப்பு கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் கீர்த்தி வழக்கில் வலியுறுத்தியது.

மனுவை, விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்லாமல் நீங்கள் வசிக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் தாக்கல் செய்யலாம். ஓட்டுநர், உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் மூவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் மனு செய்ய வேண்டும். இந்தக் காலக்கெடு செல்லுமா என்ற வழக்கில், காலம் கடந்தது என்பதற்காக மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. எனினும் இடைக்கால உத்தரவை நம்பிக் காலம் தாழ்த்துவது புத்திசாலித்தனம் அன்று. உங்களுக்கு இன்னும் நான்கு மாதத்துக்குமேல் இருக்கிறது. காவல் துறை 90 நாட்களுக்குள் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டிய விரிவான விபத்து அறிக்கையையே மனுவாக ஏற்கவும் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் உங்கள் மனுவை நீங்களே போடுவதுதான் பாதுகாப்பு.

ஏற்கெனவே வாங்கிய 20,000 ரூபாயை மறைக்க வேண்டாம். மனுவிலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.

கேள்வி: அதிகாலை நடைப்பயிற்சியின்போது என் கணவரை மோதிய கார் நிற்காமல் சென்றுவிட்டது. எண் தெரியவில்லை. தோள்பட்டை எலும்பு முறிந்திருக்கிறது. விபத்து நடந்து மூன்று நாட்கள்தான் ஆகின்றன.
– வாசகி, சேலம்

பதில்: வண்டி தெரியாவிட்டாலும், மோதிவிட்டுத் தப்பிய வாகனங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 161-ஆம் பிரிவின் கீழ் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் உயிரிழப்புக்கு 2,00,000 ரூபாயும் கிடைக்கும். 2022-ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி, விபத்து நடந்த பகுதிக்குரிய கோரிக்கை விசாரணை அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். அவர் யார் என்பதை வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டறியலாம். முதல் தகவல் அறிக்கை இதற்கும் தேவை.

ஆனால் 50,000 ரூபாயோடு நின்றுவிடாதீர்கள். மூன்று நாட்கள்தான் ஆகின்றன என்பதால் அந்த வண்டியைக் கண்டுபிடிக்க இன்னும் வாய்ப்பு இருக்கிறது. கடைகளிலும் பெட்ரோல் நிலையங்களிலும் உள்ள கண்காணிப்புக் கேமராக்களில் பழைய பதிவு சில நாட்களில் அழிந்து, அதன்மேல் புதியது ஏறிவிடும். எந்தெந்தக் கடைகளில் கேமரா இருக்கிறது என்று நீங்களே பார்த்து, பட்டியலாக எழுதி, இன்றைக்கே விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். வண்டி பிடிபட்டால் 166-ஆம் பிரிவில் முழு இழப்பீடு கோரலாம். முன்பு பெற்ற 50,000 ரூபாய் அதில் கழிக்கப்படும்.

சிகிச்சைச் செலவைப் பொறுத்தவரை, ஒன்றிய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தின்படி, விபத்து நாளிலிருந்து ஏழு நாட்கள் வரை 1,50,000 ரூபாய்க்கு உட்பட்டுக் கட்டணமில்லாச் சிகிச்சை பெறலாம். தமிழ்நாடு அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் முதல் 48 மணி நேரத்துக்கானது. மருத்துவமனை இவற்றில் சேர்ந்திருக்கிறதா என்று இன்றே கேளுங்கள்.

கேள்வி: நடந்து செல்பவர்கள் கடப்பதற்கான வரிக்கோடு (ஸீப்ரா கிராசிங்) இல்லாத இடத்தில் சாலையைக் கடந்ததால் தவறு முழுவதும் என்னுடையது, ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது என்று காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் சொல்கிறார். உண்மையா?
– வாசகர், திருச்சி

பதில்: உண்மை அன்று. உங்கள் பங்குக்கும் கவனக்குறைவு இருந்ததாகத் தீர்ப்பாயம் கருதினால், அந்த விகிதத்துக்குத் தொகையைக் குறைக்கும். மொத்த இழப்பீடு 4,00,000 ரூபாய், உங்கள் பங்கு 25 சதவீதம் என்றால் 3,00,000 ரூபாய் கிடைக்கும். சிறு குழந்தைகள்மீது பொதுவாக இந்தப் பங்கைச் சுமத்துவதில்லை. அருகில் வரிக்கோடோ சுரங்கப்பாதையோ இருந்ததா, நடைபாதை நடக்கக்கூடிய நிலையில் இருந்ததா என்பதை ஒளிப்படமாக எடுத்துவையுங்கள். கோவை எலும்பியல் மருத்துவர் எஸ்.ராஜசேகரன் தொடர்ந்த பொதுநல வழக்கில், தடையற்ற நடைபாதை அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியிருக்கிறது. நடைபாதையைக் கடைகள் அடைத்துக்கொண்டதால் சாலையில் இறங்கி நடந்தேன் என்பவருக்கு இது உதவும்.

கேள்வி: மோதிய கார் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே விற்கப்பட்டதாம், ஆர்.சி. புத்தகத்தில் பழைய உரிமையாளர் பெயரே இருக்கிறது. ஓட்டியவரிடம் உரிமமும் இல்லை. இதற்கிடையில் மருத்துவமனை வாசலில் சந்தித்த ஒருவர், எல்லாவற்றையும் தாமே பார்த்துக்கொள்வதாகவும், வரும் தொகையில் 30 சதவீதம் தந்தால் போதும் என்றும் சொல்கிறார்.
– வாசகர், விழுப்புரம்

பதில்: பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர், பெயர் மாற்றாமல் விற்றவர் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன்குமார் வழக்கில் தீர்ப்பளித்தது. இருவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். உரிமம் இல்லாத வழக்குகளில், முதலில் காப்பீட்டு நிறுவனம் உங்களுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவது வழக்கம்.

30 சதவீதக்காரருக்கு எதிலும் கையெழுத்துப் போட்டுத் தராதீர்கள். வெற்றுத் தாளிலும் வக்காலத்திலும் அறவே வேண்டாம். வழக்கறிஞரே ஆனாலும், கிடைக்கும் தொகையில் பங்கு என்று கட்டணம் பேசுவதை இந்திய வழக்கறிஞர் கழக விதிகள் தடை செய்கின்றன. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானம் உடையவர்கள் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு கட்டணமின்றி வழக்கறிஞரை அமர்த்தித் தரும். அதன் அலுவலகம் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும். அங்கிருந்து வழக்கு மக்கள் நீதிமன்றத்துக்குப் போனால் விரைவில் முடியும், ஆனால் அங்கு ஒப்புக்கொண்ட தொகைமீது மேல்முறையீடு கிடையாது என்பதால், மருத்துவக் குழுவின் ஊனச் சான்றிதழ் கைக்கு வருவதற்கு முன் எந்தத் தொகைக்கும் தலையாட்ட வேண்டாம்.