சோலார் கார் கேள்வி பதில்: கடலூர் பள்ளிப் பிள்ளைகளோடு மூணு வண்டி

கடலூரில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். 2017-லிருந்து மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளோடு சோலார் கார் கட்டுறேன். கேளுங்க. ஒரே நிபந்தனை: பேட்டரி பக்கம் போறதுக்கு முன்னாடி மோதிரம், வளையல், வாட்ச் கழட்டணும்.

மஞ்சக்குப்பம் வாசகி: முதல் வண்டி எப்படி சார் இருந்தது?

தள்ளுவண்டி மாதிரி. நாலு லெட் ஆசிட் பேட்டரி, மேலே 600 வாட் பேனல், மூணு சைக்கிள் சக்கரம். மைதானத்தில் மூணாவது திருப்பத்துலயே முன்சக்கரம் பெண்டாகி உட்கார்ந்துடுச்சு. சைக்கிள் திருப்பத்தில் சாயும், அதனால ஸ்போக்ஸுக்குப் பக்கவாட்டு இழுப்பு அவ்வளவா வராது. மூணு சக்கர வண்டி சாயாது, மொத்த இழுப்பும் ஸ்போக்ஸ் மேலதான். சைக்கிள் கடைக்காரர் பார்த்ததும் சிரிச்சார்.

ரெண்டாவது வண்டிக்கு ஸ்கூட்டர் சக்கரம், லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. எடை நல்லா இறங்குச்சு. 2020-ல் பள்ளி மூடினப்ப தார்ப்பாய் போர்த்தி வச்சோம். திறந்து பார்த்தா கனெக்டர் எல்லாம் பச்சைக் களிம்பு. கடல் காத்து தார்ப்பாயை மதிக்காது.

மூணாவது வண்டிதான் பாடம். 25 கிலோமீட்டர் வேகத்துக்கே 14 ஆம்பியர் குடிச்சுது. எல்லாரும் பேனல், கன்ட்ரோலர் (மோட்டாருக்குப் போற கரண்டைக் கட்டுப்படுத்துற பெட்டி)னு நோண்டினோம். ஒரு ஒன்பதாம் வகுப்புப் பொண்ணு சக்கரத்தைத் தூக்கிச் சுத்தி விட்டா. ரெண்டே சுத்துல நின்னுடுச்சு. பிரேக் உரசிக்கிட்டே இருந்திருக்கு! சரி பண்ணதும் அதே வேகத்துக்கு 9 ஆம்பியர். ஒரு ரூபாய் செலவில்லை.

நெல்லிக்குப்பம் அப்பா: எத்தனை கிலோமீட்டர் ஓடும்?

வேகத்தைச் சொல்லுங்க, தூரத்தைச் சொல்றேன். உச்சி வெயிலில் எங்களுக்குக் கிடைக்கிறது ஒரு மிக்ஸி ஓடுற கரண்ட். வேகம் இரண்டு மடங்கானா, காத்தைத் தள்ளுறதுக்கு மட்டும் எட்டு மடங்கு பவர் வேணும்.

அரியாங்குப்பம் மாணவன்: பெரிய பேனல் வச்சா ஜெயிக்கலாமா?

இல்ல தம்பி. ஆஸ்திரேலியாவில் டார்வின்–அடிலெய்டு, 3,000 கிலோமீட்டர் பந்தயம். 1987-ல் ஜெயிச்ச சன்ரேசர் கார் சராசரியா 67 கிலோமீட்டர் வேகம். 2017-ல் சிலிக்கான் பேனலுக்கு 4 சதுர மீட்டர்தான் அனுமதி, ஜெயிச்ச டச்சு மாணவர்கள் 80-ஐத் தாண்டினாங்க. வண்டியோட உடம்பும் சக்கரமும் செஞ்ச வேலை. உங்க வயசுப் பிள்ளைகளுக்குன்னே அமெரிக்காவுல டெக்சாஸ் ஆட்கள் 1995-லிருந்து பந்தயம் நடத்துறாங்க.

கடலூர் ஓ.டி. எலெக்ட்ரீஷியன்: கத்திரி வெயில்லதானே பேனல் முழுசா தரும்? ஏன் ஜனவரியில ஓட்டுறீங்க?

எல்லாரும் இடறுற இடம் இது. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்ல. லேபிள்ல போட்ட வாட், பேனல் செல் (வெளிச்சத்தைக் கரண்டா மாத்துற கட்டம்) 25 டிகிரியில இருக்கும்போது அளந்தது. மே மாசம் மொட்டை மாடியில் செல் 65-ஐத் தொடும். 25-க்கு மேல ஏறுற ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் குறையும்னு வச்சா 16 சதவீதம் போச்சு. 100 வாட், 84. ஜனவரியில செல் அவ்வளவு சூடேறாது.

அதே எலெக்ட்ரீஷியன்: மே மாசம் என் மீட்டர்ல யூனிட் அதிகம் காட்டுதே சார்!

காட்டும்ணே, பகல் நீளம், மேகமும் குறைவு. நாள் கணக்குல நீங்க சொல்றது சரி. நான் சொல்றது அந்த நிமிஷத்துக் கணக்கு. எங்க பிள்ளைகள் ஒரு தடவை பேனல் மேல ஒரு பக்கெட் தண்ணி ஊத்துனாங்க. ஆம்பியர் முள் கண்ணெதிரே ஏறுச்சு, பத்து நிமிஷத்துல பழையபடி இறங்குச்சு. போர் தண்ணி ஊத்தாதீங்க, வெள்ளைக் கறை படியும்.

மறுபடி அவரே: அப்ப ராஜஸ்தான்ல ஏன் பேனலா வச்சிருக்காங்க?

மேகமில்லாத நாள் அதிகம், இடமும் அதிகம். சூட்டுக்காக இல்ல.

லாஸ்பேட்டை வாசகர்: ஈ.சி.ஆர்.ல ஓட்டலாமா?

பதிவு இல்லாத வண்டி. மைதானத்தோட நிறுத்துங்க.

புதுச்சேரி வாசகர்: எத்தனை கிலோமீட்டர் ஓடும்?

மேலே இருக்கு.

முதுநகர் மாணவி: பேட்டரி கட்டுறது கஷ்டமா மிஸ்... சாரி, சார்?

கஷ்டமில்ல பாப்பா, ஆனா பெரியவங்க இல்லாம தொடாதே. 48 வோல்ட் ஷாக் பெரிசா அடிக்காதுன்னு அலட்சியம் வரும். வளையல் ரெண்டு முனையிலயும் பட்டா நொடியில பழுக்கும். ஸ்பேனர் பிடிக்கு இன்சுலேஷன் டேப் சுத்திக்கோ.

காரைக்காலில் இருந்து: வீட்டு காருக்கு மேல பேனல் ஒட்டினா பெட்ரோல் மிச்சமா? எத்தனை கிலோமீட்டர்...

மிக்ஸின்னு சொன்னேனே ஐயா. வீட்டு மாடியில வைங்க.

எலெக்ட்ரீஷியன்: நான் விட்டபாடில்ல. சனிக்கிழமை கிளாம்ப் மீட்டரோட (ஒயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கிறது) வர்றேன் சார்.

வாங்கண்ணே, தண்ணி ஊத்தியே பார்ப்போம். மோதிரத்தை வீட்டுல வச்சுட்டு வாங்க.