கிணத்து மீனுக்குத் துப்பாக்கி எதுக்குங்க?

“ஏனுங்ணா, பிவிசி பைப்பு, சைக்கிள் ட்யூப், 6 மில்லி கம்பி வெச்சு மீன் குத்துற துப்பாக்கி செய்யலாம்னு இருக்கேன், விசையை எப்படி அமைக்கிறது?” என்று கோபி பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தோட்டத்துக் கிணற்றில் ஜிலேபிக் கெண்டை பெருகிக் கிடக்கிறதாம்.

செய்யலாம் தம்பி, ஆனால் விசைதான் வம்பு. இழுத்துப் பூட்டிய ரப்பரின் மொத்த பலத்தையும் நகம் அளவு கொக்கி ஒன்றுதான் தாங்குகிறது. பட்டறையில் நான் இரும்புத் தகட்டை அறுத்து ராவிச் செய்த கொக்கி, பத்துப் பதினைந்து தடவை ஏற்றி இறக்கியதிலேயே முனை மழுங்கி, ஒருநாள் யாரும் தொடாமலே விடுபட்டது. கம்பி எதிரே தொங்கிய சாப்பாட்டுப் பையைத் துளைத்துக்கொண்டு போய்ச் சுவரில் முட்டியது. அதோடு விசைக்கு ஒரு கும்பிடு.

அதுவுமில்லாமல் பாசி பிடித்த கிணற்றில் நாலைந்து அடிக்கு மேல் கண்ணுக்கு என்ன தெரியும்? கையால் இழுத்து விடுகிற ரப்பர் ஈட்டியே தாராளம். 6 அடிக் கல்மூங்கில் ஒன்று, வால் பக்கம் கணுவை ஒட்டி ஓட்டை போட்டு (கணு தள்ளிப் போட்டால் பிளக்கும்) 2 அடி நீளத்துக்கு ரப்பர் வளையம். வளையத்தைக் கட்டைவிரல் இடுக்கில் மாட்டி, கையை முன்னால் நீட்டி மூங்கிலைப் பிடிக்க வேண்டும், பிடியை விட்டால் பாயும். சைக்கிள் ட்யூப் வேண்டாம், அது பெரும்பாலும் பியூட்டைல் ரப்பர், இழுத்தால் சோம்பேறித்தனமாகத்தான் திரும்பும். உண்டிவில்லுக்கு வாங்குகிற லேட்டக்ஸ் ட்யூப்தான் சுறுசுறுப்பு. வெயிலில் மட்டும் போடாதீர்கள், வெடிப்பு விட்டுவிடும்.

முனைக்கு சைக்கிள் போக்ஸ் கம்பி மூன்று, சாணைக்கல்லில் தண்ணீர் விட்டுத் தீட்டினால் போதும். உலையில் காய்ச்சினால் கம்பியின் விறைப்பே போய்விடும், அதைத்தான் பலரும் செய்கிறார்கள். மூன்றையும் கொஞ்சம் விரித்து, நைலான் நூலால் நெருக்கிச் சுற்றி, மேலே எம்சீல் பூசிவிடுங்கள்.

படியில் நின்று குத்தினால் மீன் இருப்பதைவிட மேலே தெரியும், கொஞ்சம் கீழே குறி வைக்க வேண்டும். கண்ணாடி போட்டு உள்ளே இறங்கினால் அந்தச் சிக்கல் இல்லை, ஆனால் மீன் கிட்டத்திலும் பெரிதாகவும் தெரியும், அவசரப்பட்டு விட்டுவிடுவீர்கள். பாறையை ஒட்டி நிற்கும் மீனை விட்டுவிடுங்கள், முனை போனால் மறுபடி முதலிலிருந்து.

அணைப் பக்கம் இதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கே மீன்பிடிக்க உரிமம் வேண்டும், அமராவதி அணையில் முதலையே இருக்கிறது.

அப்புறம், கிணற்றில் இறங்கும்போது மோட்டார் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஆட்டோ ஸ்டார்ட்டர் இருந்தால் கரண்ட் வந்ததும் தானாக ஓட ஆரம்பித்துவிடும். ஃபியூஸ் கட்டைகள் மூன்றையும் பிடுங்கி, மேலே நிற்கிற ஆளின் கையில் கொடுத்துவிட்டு இறங்குங்கள்.