ஆங்கிலம் சுமாராகத்தான் வரும். புற்றுநோய் சிகிச்சை, ஆராய்ச்சி பற்றிய ஆங்கிலச் சொற்களை எப்படிக் கற்றுக்கொள்வது?

வீட்டில் யாருக்கோ பயாப்ஸி ரிப்போர்ட் வந்திருக்கிறது, பாதி புரியவில்லை, டாக்டரிடம் நின்று கேட்க நேரம் கிடைக்கவில்லை. இப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். பரீட்சைக்காகக் கேட்டிருந்தால் மன்னியுங்கள்.

எனக்குக் கரூர். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி, அப்புறம் பி.காம். ஒரு ஜவுளி ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அம்மாவுக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்தபோது எனக்கு இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் படிக்கிற அளவுக்குத்தான் ஆங்கிலம். இன்று எங்கள் சொந்தத்தில் யாருக்கு ரிப்போர்ட் வந்தாலும் முதலில் என் வாட்ஸாப்புக்குத்தான் வருகிறது. பெருமையாகவே சொல்கிறேன்.

சொல் பட்டியல் எதையும் தேடி மனப்பாடம் செய்யாதீர்கள். உங்கள் பைல்தான் பாடப்புத்தகம். மார்பகப் புற்றுநோய் என்றால் ஹெர்2, இ.ஆர்., பி.ஆர். என்று கட்டியில் சோதிக்கும் புரதங்களின் பெயர்கள் வரும். ரத்தப் புற்றுநோய் என்றால் பிளாஸ்ட் (முதிராத ரத்தச் செல்), ரெமிஷன் (நோய் அடங்கிய நிலை) என்று வேறு உலகம். உங்கள் பைலில் இல்லாத சொல் இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம். புரியாததை அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் இணைய அகராதியில் போட்டுப் பாருங்கள். 9,000-க்கும் மேற்பட்ட சொற்கள், எளிய ஆங்கிலத்தில், உச்சரிப்போடு, இலவசமாக இருக்கின்றன. உச்சரிப்பைக் கட்டாயம் கேளுங்கள். டாக்டர் வேகமாகச் சொல்லும்போது காது பிடித்துக்கொள்ளும்.

மருந்துப் பெயர்களுக்கு வாலைப் பாருங்கள். ஜெஃபிடினிப், ஆசிமெர்டினிப் என்று 'டினிப்'பில் முடிந்தால் செல்லுக்குள் போய் வளர்ச்சிக்கான சமிக்ஞையைத் தடுக்கும் மாத்திரை. டிராஸ்டுசுமாப், பெம்ப்ரோலிசுமாப் என்று 'மாப்'பில் முடிந்தால் ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட இலக்கில் போய் ஒட்டிக்கொள்ளும் புரதம். பெரும்பாலும் ஊசியாகவோ டிரிப்பாகவோ ஏற்றுவார்கள்.

இதெல்லாம் ஏன் இவ்வளவு முக்கியம் என்கிறேன் என்றால், ஒரே ஒரு சொல்லால் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் நின்றது.

அம்மா பீடி, சிகரெட் தொட்டவரில்லை. புகைக்காத ஆசியப் பெண்களுக்கு வரும் நுரையீரல் புற்றுநோயில் இ.ஜி.எஃப்.ஆர். மியூட்டேஷன், அதாவது செல் வளர்ச்சியைத் தூண்டும் ஒரு மரபணுவில் மாற்றம், அடிக்கடி காணப்படுகிறது. அம்மாவுக்கும் அதுதான். மாத்திரை வேலை செய்யும் வகை என்பதால் டாக்டர் அதை நல்ல செய்தியாகவே சொன்னார். வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா அந்த ரிப்போர்ட்டைப் போனில் படம் எடுத்து மொழிபெயர்த்துப் பார்த்தார். 'மரபணு மாற்றம்' என்று வந்தது. "மரபணுன்னாலே வம்சத்துல வாரதுதானப்பா" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னார். ஆனால் பேச்சு வீட்டோடு நிற்கவில்லை. தங்கச்சிக்கு நிச்சயத்துக்கு நாள் குறித்திருந்த நேரம். மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது: "தப்பா நெனச்சுக்காதீங்க, பையன் யோசிக்கறான்."

அடுத்த முறை ஓ.பி.க்குப் போனபோது டாக்டரிடம் இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டேன். அவர் சீட்டின் பின்பக்கம் இரண்டு சொற்களை எழுதினார்: சொமாட்டிக், ஜெர்ம்லைன். சொமாட்டிக் என்றால் கரு உருவான பிறகு எப்போதோ, உடம்பின் ஏதோ ஒரு செல்லில் நேர்ந்த மாற்றம், பிள்ளைக்குப் போகாது. ஜெர்ம்லைன் என்றால் பிறவியிலேயே எல்லாச் செல்லிலும் இருப்பது, அது போகலாம். அம்மாவுக்குக் கட்டியில் இருந்தது முதல் வகை. இந்த இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் பரம்பரையாக வருவது மிக மிக அரிது. மார்பகப் புற்றுநோயில் பரம்பரை என்று பலரும் கேள்விப்பட்டிருக்கும் பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் வேறு. மார்பகப் புற்றுநோயிலேயே பரம்பரையாக வருவது நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குத்தான்.

இதை ஒரு பக்கம் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்கே போனேன். மரியாதையாகக் காபி கொடுத்தார்கள், கேட்டார்கள், தலையாட்டினார்கள். சம்பந்தம் மட்டும் திரும்பி வரவில்லை.

கேட்ட கேள்விக்கு இது சம்பந்தமில்லாததாக இருக்கலாம், ஆனாலும் எழுதிவிடுகிறேன். பெண் வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று தோண்டித் துருவும் ஊர், மாப்பிள்ளை வீட்டில் அதைக் கேட்பதில்லை. அந்தப் பையனின் அப்பாவுக்கு சர்க்கரையா, பிரஷரா, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறதா என்று நாங்கள் ஒரு வார்த்தை கேட்டோமா? கேட்டிருந்தால் 'திமிர் பிடித்த வீடு' என்றிருப்பார்கள். என் தங்கச்சி என்ன குற்றம் செய்தாள்? இன்னும் ஆறவில்லை எனக்கு.

"டாக்டர் இருக்கும்போது இவனுக்கு எதற்கு இந்த வேலை" என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: எந்த மருந்தையும் நிறுத்தவோ மாற்றவோ நான் சொல்லவில்லை. சரியான கேள்வியோடு டாக்டர் முன்னால் போய் உட்கார்வதற்குத்தான் படிக்கச் சொல்கிறேன்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் தலைகீழாகப் புரியும் சொற்கள் உண்டு. 'ப்ரோக்ரஷன்' என்றால் முன்னேற்றம் நோய்க்கு, நோயாளிக்கு இல்லை. 'அன்ரிமார்க்கபிள்' என்றால் அந்த இடத்தில் சொல்லும்படி கோளாறு இல்லை. 'ஸ்டேபிள் டிசீஸ்' பார்த்து அழ வேண்டாம். அளக்கும் கட்டிகளின் மொத்த அளவு 30 சதவீதம் குறைந்தால் 'பார்ஷியல் ரெஸ்பான்ஸ்', 20 சதவீதம் கூடினாலோ புதிதாகக் கட்டி வந்தாலோ 'ப்ரோக்ரஷன்', இடைப்பட்டதுதான் ஸ்டேபிள்.

ஆராய்ச்சிச் செய்திகளில் 'மீடியன்' என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நடுவில் நிற்கும் எண் அது: பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதிகம். அம்மா சாப்பிட்ட ஆசிமெர்டினிப்பைப் பழைய மாத்திரைகளோடு ஒப்பிட்ட ஃப்ளாரா ஆய்வில், நோய் கட்டுக்குள் இருந்த காலத்தின் மீடியன் 18.9 மாதம், பழையவற்றுக்கு 10.2. இதைப் படித்துவிட்டு எங்கள் மாமா, "அக்காவுக்கு இன்னும் ஒன்றரை வருஷம்தானா?" என்று கேட்டார். அப்படி இல்லை. அந்த மாதக்கணக்கைத் தாண்டியும் பாதிப் பேருக்கு நோய் கட்டுக்குள்தான் இருந்தது. அதோடு அது ஆயுள் கணக்கே இல்லை. நோய் மறுபடி வளர்ந்தாலும் அடுத்த சிகிச்சை இருக்கிறது. ஆயுளைச் சொல்வது 'ஓவரால் சர்வைவல்', அது தனிக் கணக்கு.

உங்களை ஆராய்ச்சியில் சேரச் சொன்னால் அது எந்த 'ஃபேஸ்' (கட்டம்) என்று எண்ணைக் கேளுங்கள். 1 என்றால் பாதுகாப்பும் அளவும் பார்க்கிறார்கள். 3 என்றால் இப்போதுள்ள சிகிச்சையோடு ஒப்பிடுகிறார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் தமிழில் தகவல் தாள் கேளுங்கள். நோயாளிக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்று மருந்து ஆராய்ச்சிக்கான இந்திய அரசின் 2019-ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது, தயங்க வேண்டாம்.

எந்தச் சொல்லில் நிற்கிறீர்கள் என்று கருத்துப் பெட்டியில் போடுங்கள். ரிப்போர்ட் படம் போட்டால் பெயரையும் ஆஸ்பத்திரி எண்ணையும் மறைத்துவிடுங்கள். ராத்திரி வேலை முடிந்து வந்து பார்த்துச் சொல்கிறேன்.