ஆன்டெனாவில் பதிவு செய்த எச்டி நிகழ்ச்சியை ஊரில் உள்ள டிவிடி பிளேயரில் ஓட வைப்பது எப்படி?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறேன். ஆன்டெனாவில் வரும் எச்டி சேனல்களை கம்ப்யூட்டரில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். ஊரில் பெற்றோரிடம் இருக்கும் சாதாரண டிவிடி பிளேயருக்காக ஒன்றை மாற்றிப் பார்த்தேன். யாராவது அசைந்தாலே படம் நடுங்குகிறது. எங்கே தவறு?

பதில்:

அந்த நடுக்கத்தோடு இரண்டு வாரம் மல்லுக்கட்டியிருக்கிறேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

என் மகளின் பள்ளி பேண்டு, தேங்க்ஸ்கிவிங் நாளன்று நியூயார்க்கில் நடக்கும் மேசிஸ் ஊர்வலத்தில் வாசித்தது. என்பிசியில் நேரலை. மாடி ஜன்னலில் ஆன்டெனாவை மன்ஹாட்டன் பக்கம் திருப்பி வைத்து முழுவதையும் பதிவு செய்தேன். கும்பகோணத்தில் அப்பாவிடம் இருப்பது பழைய டிவிடி பிளேயர். லிங்க் அனுப்பினால் போனில் பார்ப்பார்தான். ஆனால் பேத்தியைக் கூடத்து டிவியில், அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை.

முதலில் உங்கள் கையில் இருப்பது என்ன என்று பாருங்கள். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்தால் எல்லாம் தெரியும். அமெரிக்காவில் ஆன்டெனாவில் வருவது பெரும்பாலும் எம்பெக்-2 வீடியோ, ஏசி-3 ஆடியோ. என்பிசி, சிபிஎஸ் போன்றவை 1080ஐ (1080 வரிகள், பாதிபாதியாக வருபவை). ஏபிசி, ஃபாக்ஸ் 720பி (720 வரிகள், முழுப்படமாக வருபவை). அமெரிக்க டிவி ஒளிபரப்பு முறைக்கு ஏடிஎஸ்சி என்று பெயர்; அதன் புதிய வடிவமான ஏடிஎஸ்சி 3.0 ஒளிபரப்பில் எச்இவிசி வீடியோவும் ஏசி-4 ஆடியோவும் வரும். டிவிடி பிளேயருக்கு இரண்டுமே புரியாது. ஆகவே டிஸ்க் போடுகிற எண்ணம் இருந்தால் பழைய ஏடிஎஸ்சி சேனலிலேயே பதிவு செய்யுங்கள். கேபிள், டிஷ் பெட்டிகளுக்குள் பதிவானவை பூட்டப்பட்டிருக்கும், அவற்றுக்கு இந்த வழி எதுவும் உதவாது. நம் ஊர் டிடிஎச் பெட்டிகளும் அப்படித்தான்.

ஊரில் ப்ளூ-ரே பிளேயர் இருந்தால் வேலை மிகவும் சுலபம். எம்பெக்-2, 1080ஐ, ஏசி-3 மூன்றும் ப்ளூ-ரே விதிகளுக்குள் அடங்கியவை. படத்தை மறுபடி என்கோட் செய்யவே (வேறு வடிவத்துக்கு மாற்றிச் சுருக்கவே) வேண்டாம். டிஎஸ்மக்ஸர் மென்பொருளில் ஃபைலைப் போட்டு, ப்ளூ-ரே டிஸ்க் என்று தேர்ந்தெடுத்தால் சில நிமிடங்களில் ஃபோல்டர் தயார். டிஸ்க் எழுதும் மென்பொருளான இம்ஜ்பர்னில், டிஸ்க்கின் ஃபைல் முறையை யுடிஎஃப் 2.50 என்று வைத்து 25 ஜிபி டிஸ்க்கில் எழுதிவிடலாம். ஒளிபரப்பில் வந்த தரம் துளிகூடக் குறையாது. என் தங்கை வீட்டுக்கு இப்படித்தான் அனுப்பினேன்.

சரி, டிவிடிக்கு வருவோம். டிவிடி ஏற்பது 720×480 (நம் ஊர் டிவி முறையான பால், அதாவது PAL, என்றால் 720×576), அதிகபட்சம் நொடிக்கு 9.8 மெகாபிட் எம்பெக்-2 வீடியோ. அதனால் 1920×1080 படத்தைச் சுருக்கியே ஆக வேண்டும். உங்கள் படம் நடுங்குவது இந்த இடத்தில்தான்.

1080ஐ என்பதில் ஒரு ஃபிரேம் ஒரே கணத்தில் எடுத்த படம் அல்ல. ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்தில் எடுத்தவை; இரட்டைப்படை வரிகள் நொடியில் அறுபதில் ஒரு பங்கு தள்ளி எடுத்தவை. சீப்பின் பற்கள்போல இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும். இந்த வரித் தொகுப்பு ஒவ்வொன்றும் ஒரு ஃபீல்டு; இப்படிக் கோப்பதுதான் இன்டர்லேஸ். அதை அப்படியே 480 வரிகளாக நசுக்கினால் இரண்டு கணங்களும் கலந்துபோகும். என் முதல் டிஸ்க்கில் நின்றுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் அழகாக இருந்தார்கள். ஸ்னேர் டிரம் வாசித்த பையனின் குச்சி மட்டும் இரண்டு குச்சியாகத் தெரிந்தது, ஓரமெல்லாம் பிசிறு.

சரியான வரிசை இது. முதலில் இரண்டு ஃபீல்டையும் பிரித்து, ஒவ்வொன்றையும் முழு ஃபிரேமாக்க வேண்டும், நொடிக்கு 59.94 முழுப்படங்கள் கிடைக்கும். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் யாடிஃப் ஃபில்டரை மோட் 1 என்று வைத்தால் இதைத்தான் செய்யும். மோட் 0 வைத்தால் பாதி அசைவு போய்விடும், வேண்டாம். அதற்கப்புறம் 720×480க்குச் சுருக்குங்கள். கடைசியாக மறுபடி இன்டர்லேஸ் செய்து, இன்டர்லேஸாகவே என்கோட் செய்யச் சொல்லுங்கள். 720பி சேனலாக இருந்தால் முதல் படி தேவையில்லை. சுருக்கி, இன்டர்லேஸ் செய்தால் போதும்.

இதைச் செய்த பிறகும் எனக்கு நடுக்கம் போகவில்லை. பிசிறு போய்விட்டது, ஆனால் குச்சி முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போனது. காரணம், கையில் கிடைத்த ஒரு பழைய குறிப்பில் ‘கீழ் ஃபீல்டு முதலில்’ என்று இருந்ததை அப்படியே போட்டுவிட்டேன். அது டேப்பில் பதிவு செய்த டிவி (DV) வகை கேம்கார்டர் காலத்துக்கான குறிப்பு. எச்டி ஒளிபரப்பில் மேல் ஃபீல்டுதான் முதலில் வரும். அந்த ஒன்றை மாற்றியதும் குச்சி சரியாக இறங்கியது. உங்கள் டிஸ்க்கிலும் முதலில் இதைத்தான் சந்தேகப்படுவேன். நடப்பவர்களின் முழங்காலையோ கையில் சுழலும் கொடியையோ உற்றுப் பாருங்கள்: ஓரம் பிசிறாக இருந்தால் சுருக்கியதில் தவறு, முன்னும் பின்னும் ஆடினால் ஃபீல்டு வரிசையில் தவறு.

நிறத்தையும் கவனியுங்கள். எச்டியின் நிறக் கணக்கு பிடி.709, டிவிடியின் கணக்கு பிடி.601. மாற்றாமல் விட்டால் சிவப்பு கொஞ்சம் மங்கும், பச்சை தூக்கலாகத் தெரியும். சுருக்கும்போதே இதையும் மாற்றச் சொல்லிவிடலாம். 16:9 என்று குறிப்பிட மறந்தால், 4:3 டிவியில் எல்லோரும் ஒல்லியாக நீண்டு தெரிவார்கள்.

ஆடியோவைத் தொடவே தொடாதீர்கள். ஒளிபரப்பில் வரும் ஏசி-3 அப்படியே டிவிடிக்குப் பொருந்தும், காப்பி என்று கொடுத்தால் போதும். ஆனால் மழையாலோ காற்றாலோ சிக்னல் விட்டுவிட்டு வந்த பதிவாக இருந்தால், போகப்போகச் சத்தமும் படமும் விலகும். அப்படிப்பட்ட ஃபைலை முதலில் ப்ராஜெக்ட்எக்ஸ் என்ற மென்பொருளில் ஓட்டுங்கள். விடுபட்ட ஆடியோவின் இடத்தில் மௌனத்தை நிரப்பிச் சரிசெய்துவிடும். விளம்பரங்களை வெட்டும் வேலையையும் அங்கேயே முடிக்கலாம்.

பலரும் ஹேண்ட்பிரேக்கைச் சொல்வார்கள். நல்ல மென்பொருள்தான், ஆனால் அது எம்பி4, எம்கேவி மாதிரி ஃபைல்களைத்தான் தரும், டிவிடி ஆக்காது. எஃப்எஃப்எம்பெக்கில் டார்கெட் என்ற இடத்தில் என்டிஎஸ்சி-டிவிடி என்று கொடுங்கள் (என்டிஎஸ்சி என்பது 480 வரிகள் கொண்ட அமெரிக்க முறை). 4.7 ஜிபி டிஸ்க்கில் ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு நொடிக்கு 8 மெகாபிட் தாராளமாகக் கொடுக்கலாம்; இரண்டு மணி நேரம் என்றால் 4.5 போல வைத்து இரண்டு பாஸ் (முதல் முறை அலசி, இரண்டாம் முறை என்கோட் செய்வது) ஓட்டுங்கள். ஊர்வலம் மாதிரி ஆட்கள் நிறைந்த காட்சிகளுக்கு 4.5 போதாது என்பது என் கருத்து. நான் நடுவில் ஒரு மணி நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

இந்தியாவுக்கு அனுப்புவதால் பால் முறைக்கு மாற்ற வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். அங்கே விற்ற பிளேயர்களில் பெரும்பாலானவை என்டிஎஸ்சி டிஸ்க்கையும் ஓட்டும், டிவிகளும் ஏற்கும். நொடிக்கு முப்பது ஃபிரேமை இருபத்தைந்தாக்கினால் அசைவு தட்டித்தட்டித்தான் போகும். நாமே எழுதும் டிஸ்க்குக்கு, ஒரு நாட்டு டிஸ்க் இன்னொரு நாட்டில் ஓடாத ரீஜன் தொல்லையும் இல்லை.

மெனு, சேப்டர் எல்லாம் டிவிடிஸ்டைலர் என்ற மென்பொருளில் செய்யலாம். வீடியோவை ‘காப்பி’ என்று வைக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் பாடுபட்டு என்கோட் செய்ததை அது இன்னொரு முறை என்கோட் செய்யும். பழைய பிளேயருக்கு டிவிடி-ஆர் நல்லது, திரும்பத் திரும்ப எழுதும் டிஸ்க்கைச் சில பிளேயர்கள் படிக்காது. 4எக்ஸ் அல்லது 8எக்ஸ் வேகத்தில் எழுதுங்கள். மேலே தாள் லேபிள் ஒட்டாதீர்கள், மார்க்கரால் எழுதினால் போதும்.

இன்னொன்று, சேப்டரை ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று தானாக வைக்க விடாதீர்கள். நான் ஒரே ஒரு சேப்டர்தான் வைத்தேன், பேண்டு தெரு முனை திரும்பி வருகிற அந்த ஃபிரேமில். டிஸ்க்கின் மேல், "அப்பா, நெக்ஸ்ட் பட்டனை ஒரு தடவை அமுக்குங்கள், பாப்பா இரண்டாவது வரிசையில் இடது ஓரம்" என்று எழுதி அனுப்பினேன்.