எல்.சி.ஐ. டெஸ்ட்டைச் சீக்கிரம் முடிக்க முடியுமா? பெற்றோர் கேட்டவை

என் மகளுக்கு 7 வயது, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலில் கெட்டியான சளி சேரும் பரம்பரை நோய்). ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதும் டெஸ்ட் சட்டென்று முடிந்துவிடுகிறது. நுரையீரலில் காற்று எவ்வளவு சீராகப் போய்வருகிறது என்று பார்க்கும் எல்.சி.ஐ. (Lung Clearance Index) டெஸ்ட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு நேரம்?

ஸ்பைரோமெட்ரியில் மூச்சை நிறைய இழுத்து ஒரே மூச்சாக முழு வேகத்தில் ஊத வேண்டும். எல்.சி.ஐ.யில் குழந்தை இயல்பாக மூச்சு விட்டபடியே 100 சதவீத ஆக்சிஜனை இழுக்கும். நுரையீரலில் உள்ள நைட்ரஜன் மூச்சுக்கு மூச்சு கொஞ்சமாக வெளியேறி, தொடக்க அளவில் 40-இல் 1 பங்காகக் குறையும் வரை உட்கார வேண்டும்.

சாதாரணமாக மூச்சு விட்டு முடித்ததும் 1 லிட்டர் காற்று உள்ளே தங்குகிறது என்று வையுங்கள். அந்த நுரையீரலில் நைட்ரஜன் அவ்வளவு குறைய மொத்தம் 7 லிட்டர் காற்றை வெளியே விட வேண்டியிருந்தால் எல்.சி.ஐ. 7. ஆரோக்கியமான குழந்தைகளுக்கு ஏறக்குறைய இந்த அளவில்தான் வரும். சளி அடைத்த சிறு மூச்சுக்குழாய்களுக்குப் பின்னால் உள்ள காற்று லேசில் வெளியே வராது. அதனால் எண்ணும் ஏறும், நேரமும் நீளும். நோய் கூடிய குழந்தைதான் அதிக நேரம் உட்கார வேண்டியிருக்கிறது என்பது எனக்கு எப்போதும் உறுத்துகிற விஷயம்.

20-இல் 1 பங்கு வந்ததுமே நிறுத்தினால் என்ன?

நிறுத்தலாம். நேரம் கணிசமாக மிச்சமாகும். ஆனால் மெதுவாகக் காலியாகும் பகுதிகள் கடைசிக் கட்டத்தில்தான் தெரியவரும். நோய் ஆரம்ப நிலையில் இருக்கும் குழந்தைக்கு நாம் தேடுவதே அதைத்தான், அங்கே வெட்டுவதை நான் விரும்புவதில்லை. பாதிப்பு ஏற்கெனவே தெளிவாகத் தெரிகிற, நெடுநேரம் உட்கார முடியாத குழந்தைக்கு இது நல்ல வழி. ஒன்று கவனியுங்கள்: இந்த எண்ணைப் பழைய முழு டெஸ்ட்டின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது.

மூன்று முறை செய்தே ஆக வேண்டுமா?

ஒன்றோடொன்று ஒத்துப்போகிற இரண்டு நல்ல பதிவுகள் கிடைத்தால் போதும். இரண்டுக்கும் நடுவில் விடும் இடைவெளியை மட்டும் குறைக்கச் சொல்லாதீர்கள். நைட்ரஜன் மறுபடி நுரையீரலில் நிரம்பும் முன்பே அடுத்ததைத் தொடங்கினால் கணக்கு தவறிவிடும்.

நேரம் குறைய நாங்கள் என்ன செய்யலாம்?

நிறையவே! அதிக நேரம் வீணாவது கசிவால்தான். உதட்டின் ஓரம் கொஞ்சம் விலகினாலும் அறைக்காற்றில் உள்ள நைட்ரஜன் உள்ளே புகுந்துவிடும். இறங்கிக்கொண்டிருந்த கோடு திரையில் திடீரென்று மேலே குதிக்கும், அப்புறம் முதலிலிருந்துதான். அதனால் மவுத்பீஸைப் பல்லுக்கு நடுவில் வைத்து உதட்டை இறுக்கி மூடவும், மூக்கு கிளிப்போடு இருக்கவும் முன்கூட்டியே விளையாட்டாகப் பழக்குங்கள். மாஸ்க் போட்டுச் செய்யும் சின்னக் குழந்தை என்றால் அதை முகத்தில் வைத்துப் பழகட்டும். கழிப்பறைக்குப் போய்வந்த பிறகு உட்கார வையுங்கள். கால் தொங்காமல் எதன் மீதாவது ஊன்றியிருந்தால் நெளிவது குறையும். பார்ப்பதற்கு அமைதியான வீடியோ வேண்டும், ஏனென்றால் சிரிப்பு வந்தால் மூச்சு குலையும். பக்கத்தில் நின்று 'நல்லா இழுத்து விடு' என்று சொல்லாதீர்கள். இயல்பான மூச்சுதான் இங்கே தேவை.

ஆசிலோமெட்ரி ஒரு நிமிடத்துக்குள் முடியுமாமே, அதையே செய்யலாமா?

சுலபமான டெஸ்ட்தான், குழாய்களின் தடையை அளக்கும். ஆனால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸின் ஆரம்பப் பாதிப்பைப் பிடிப்பதில் எல்.சி.ஐ. அளவுக்கு வராது. கூடுதலாகச் செய்யலாம், சரி. இதற்குப் பதிலாக அது வேண்டாம்.