98 சதவீதம் என்றால் எத்தனை பேரில்?

சகோதரி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் உதவும். சென்னையிலிருந்து கலிபோர்னியாவின் சான் ஹோசே வந்து மூன்று வாரம் ஆகிறது. மகள் ஆகஸ்ட்டில் ஒன்பதாம் வகுப்பு போக வேண்டும். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சார்ட்டர் உயர்நிலைப் பள்ளி. அதன் வேலியில் "எங்கள் மாணவர்களில் 98 சதவீதம் பேருக்கு நான்காண்டுக் கல்லூரியில் இடம்" என்று பேனர் கட்டியிருக்கிறார்கள். உங்கள் முகவரிக்கு உரிய சாதாரணப் பொதுப் பள்ளியில் அப்படி எதுவும் இல்லை. பேனரை நம்பிச் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பேனரில் பொய் இருக்காது. ஆனால் எத்தனை பேரில் 98, எந்தக் கல்லூரியில் இடம், இடம் கிடைத்தவர்களில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்ற மூன்றும் தெரியாமல் அந்த எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். கலிபோர்னியாவில் இந்த மூன்றையுமே பள்ளியைக் கேட்காமல், வீட்டிலிருந்தபடி ஒரு மாலைப்பொழுதில் பார்த்துவிடலாம்.

சார்ட்டர் பள்ளி என்பது அரசுப் பணத்தில் நடக்கும், கட்டணம் வாங்கக் கூடாத பொதுப் பள்ளிதான். பள்ளி மாவட்ட நிர்வாகத்துக்குப் பதில் தனி வாரியம் நடத்துகிறது, அவ்வளவே. 1991-ல் மினசோட்டா முதலில் இதற்குச் சட்டம் கொண்டுவந்தது, 1992-ல் கலிபோர்னியா. நுழைவுத் தேர்வு வைத்தோ மதிப்பெண் பார்த்தோ பிள்ளைகளை எடுக்க முடியாது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். விசா நிலையைக் கேட்க மாட்டார்கள், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆக, வடிகட்டல் வாசலில் நடப்பதில்லை. நடந்தால் உள்ளே வந்த பிறகுதான் நடக்கும்.

இது நமக்குப் புதிதல்ல. பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி காட்ட, ஒன்பதாம் வகுப்பிலேயே தேறாத பிள்ளைக்கு டிசி கொடுத்து அனுப்பும் பள்ளிகளை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். இங்கே டிசி கொடுத்து அனுப்ப முடியாது, சட்டம் தடுக்கிறது. ஆனால் பாடச்சுமை தாங்காமல் பிள்ளைகள் தாமாகவே வேறு பள்ளிக்குப் போய்விட்டால், கடைசியில் கிடைக்கும் கணக்கு அதேதான்.

எனவே முதல் வேலை, மாநிலக் கல்வித் துறையின் டேட்டாக்வெஸ்ட் தளத்தைத் திறப்பது. பள்ளி மட்டம் என்று தேர்ந்தெடுத்து, மாணவர் எண்ணிக்கையை வகுப்புவாரியாகக் கேளுங்கள். ஒரே ஆண்டின் நான்கு வகுப்புகளைப் பார்த்தால் போதாது. 2021-22-ல் ஒன்பதாம் வகுப்பு, 2022-23-ல் பத்து, 2023-24-ல் பதினொன்று, 2024-25-ல் பன்னிரண்டு என்று ஒரே கூட்டத்தைப் பின்தொடர வேண்டும். உதாரணத்துக்கு 120, 104, 88, 78 என்று வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசி 78 பேரில் 76 பேருக்கு இடம் கிடைத்தால் பேனரில் 97 சதவீதம். உள்ளே வந்த 120 பேரை வைத்துக் கணக்குப் போட்டால் 63. உங்கள் மகள் சேரப் போவது 120 பேர் கூட்டத்தில்.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "எங்கள் பட்டமளிப்பு விகிதமும் 97 சதவீதம், யாரும் பாதியில் போவதில்லை" என்று பள்ளி சொல்லும். அந்த நான்காண்டு விகிதத்தைக் கணக்கிடும் முறைப்படி, வேறு பள்ளிக்கு மாறிப் போனவர்களைக் கூட்டத்திலிருந்து கழித்துவிடுவார்கள். படிப்பையே நிறுத்தியவரும் நான்காண்டில் முடிக்காதவரும்தான் குறையாகத் தெரிவார்கள். 42 பேர் பக்கத்துப் பள்ளிக்கு மாறியிருந்தாலும் விகிதம் அசையாது. வகுப்புவாரி எண்ணிக்கை இதைக் காட்டும்.

அதற்காக, எண்ணிக்கை குறைந்தாலே பள்ளி மோசம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சான் ஹோசே அடங்கிய பே ஏரியாவில் வாடகை ஏறி ஊர் மாறும் குடும்பங்கள் ஏராளம். விளையாட்டு அணிக்காகவும் இசைக்குழுவுக்காகவும் பெரிய பள்ளிக்கு மாறுவார்கள். சில சார்ட்டர்களில் பத்தாம் வகுப்புக்கு மேல் காலி இடத்தை நிரப்புவதே இல்லை; மாவட்டப் பள்ளியோ நடுவில் யார் வந்தாலும் சேர்த்தாக வேண்டும். அதனால் அதே நான்காண்டுக் கணக்கை உங்கள் முகவரிப் பள்ளிக்கும் போட்டுப் பாருங்கள். அங்கே நூற்றுக்கு ஐந்து குறைந்து, இங்கே நூற்றுக்கு முப்பத்தைந்து குறைந்தால் காரணம் கேட்க வேண்டும்.

கணக்கை ஒழுங்காகப் போட்ட முன்னுதாரணமும் சார்ட்டர் உலகத்திலேயே இருக்கிறது. ஹூஸ்டனில் தொடங்கி நாடு முழுதும் பரவிய கிப் பள்ளிகள் 2011-ல் தங்கள் முதல் மாணவர்களைப் பற்றி அறிக்கை வெளியிட்டன. பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவர்களிலிருந்து தொடங்காமல், எட்டாம் வகுப்பை முடித்தவர்களிலிருந்தே எண்ணினார்கள். நான்காண்டுப் பட்டம் முடித்தவர்கள் 33 சதவீதம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளின் தேசிய அளவோடு ஒப்பிட்டால் அது மிக நல்ல எண். பேனரில் போட்டால் மட்டும் சின்னதாகத் தெரியும்.

அடுத்தது, "இடம் கிடைத்தது" என்ற சொல். அமெரிக்காவில் நான்காண்டுக் கல்லூரிகளில் பெரும்பான்மை, விண்ணப்பித்தவர்களில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன. அரிசோனா ஸ்டேட் போன்ற பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு இடம் கிடைக்கிறது. 2024-ல் ரிவர்சைடு கவுண்டியில் தொடங்கிய நேரடிச் சேர்க்கைத் திட்டத்தில், விண்ணப்பமே போடாத பிள்ளைகளுக்குக்கூடக் கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின், அதாவது கால் ஸ்டேட்டின், வளாகங்கள் இடம் தருவதாகக் கடிதம் அனுப்பின. சில சார்ட்டர் பள்ளிகளில் ஒரு நான்காண்டுக் கல்லூரியிலாவது இடம் வாங்குவதைப் பட்டமளிப்புக்கு நிபந்தனையாகவே வைத்திருக்கிறார்கள். அங்கே நூறு சதவீதம் வராமல் இருந்தால்தான் அதிசயம். "எங்கள் 78 பேருக்கு 410 இடங்கள்" என்ற வகைப் பெருமையையும் விட்டுவிடுங்கள். பல கல்லூரிகளுக்கு ஒரே விண்ணப்பம் போட உதவும் காமன் ஆப் தளம் வழியாக ஒரு பிள்ளை 20 கல்லூரிகள் வரை போடலாம். கெட்டிக்காரர் நாலு பேர் அந்தக் கணக்கை ஏற்றிவிடுவார்கள்.

இனி நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய பக்கம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின், அதாவது யூசியின், தகவல் மையம் எந்த உயர்நிலைப் பள்ளியிலிருந்து எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம், எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று ஆண்டுவாரியாகவும் வளாகவாரியாகவும் வெளியிடுகிறது. முதலாண்டு மாணவர் என்று தேர்ந்தெடுத்து, கவுண்டி, ஊர், பள்ளி என்று இறங்குங்கள். முதலில் எல்லா வளாகமும் சேர்ந்த மொத்தம்தான் கண்ணில் படும். அதை வைத்து மகிழ்ந்துவிடாதீர்கள். மெர்செட் வளாகத்தில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு இடம் கிடைக்கிறது. பெர்க்லியிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் நூறில் பத்து, பதினைந்து பேர்தான். எல்லாம் ஒரே "யூசி" என்ற பெயரில் பேனருக்குள் போய்விடும். வளாகத்தை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்.

இடம் கிடைத்தவர் எண்ணிக்கையை வளாகங்களுக்குக் குறுக்கே கூட்டக் கூடாது, ஒரே பிள்ளை ஐந்து வளாகத்தில் எண்ணப்பட்டிருப்பாள். சேர்ந்தவர் எண்ணிக்கையைக் கூட்டலாம், ஏனெனில் ஒருவர் ஓரிடத்தில்தான் சேர முடியும். இரண்டு பள்ளிகளை ஒப்பிட, ஒரே வளாகத்துக்கு விண்ணப்பித்தவரில் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று வகுத்துப் பாருங்கள். சார்ட்டரில் 40 பேர் போட்டு 5 பேருக்குக் கிடைத்தால் 12.5 சதவீதம். பெரிய பள்ளியில் 300 பேர் போட்டு 45 பேருக்குக் கிடைத்தால் 15. சுவரில் ஒட்டிய கல்லூரிக் கொடிகளை எண்ணினால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. எண்ணிக்கை மிகக் குறைவான கட்டங்கள் தனியுரிமைக்காக வெற்றாக இருக்கும். சின்னப் பள்ளியில் ஓராண்டு நாலு பேர், மறு ஆண்டு ஒருவர் என்று ஆடும். ஐந்தாண்டைக் கூட்டித்தான் பேச வேண்டும். இன்னொன்று, கம்ப்யூட்டர் சயின்ஸ், இன்ஜினியரிங் பிரிவுகளில் போட்டி வளாகத்தின் சராசரியைவிட மிகக் கடுமை. இந்த அட்டவணை அதைப் பிரித்துக் காட்டாது.

பள்ளியின் சாதனை ஒரு பக்கம் இருக்கட்டும், உங்கள் மகளுக்கு அங்கே வழி இருக்கிறதா என்று பாருங்கள். இதுதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. யூசி, கால் ஸ்டேட் இரண்டுக்கும் ஏ-ஜி எனப்படும் 15 ஓராண்டுப் பாடங்கள் வேண்டும், ஒவ்வொன்றிலும் சி கிரேடு அல்லது அதற்கு மேல். ஒவ்வொரு பள்ளிக்கும் அங்கீகரிக்கப்பட்ட பாடப் பட்டியலை யூசி வெளியிடுகிறது. பள்ளி ஒரு பாடத்துக்கு "ஹானர்ஸ்", அதாவது உயர்தரப் பாடம், என்று பெயர் வைத்திருப்பதெல்லாம் யூசிக்கு ஹானர்ஸ் ஆகிவிடாது. அந்தப் பட்டியலில் ஹானர்ஸ் என்று குறியிட்டிருந்தால்தான் ஜிபிஏ எனப்படும் கிரேடுகளின் சராசரியில் கூடுதல் புள்ளி. கணக்குப் பாடத்தில் கூடுதல் கவனம் தேவை. சென்னையில் எட்டாம் வகுப்பு முடித்து வரும் பிள்ளையை அல்ஜீப்ரா 1-ல் உட்கார வைப்பது வழக்கம். அங்கிருந்து ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2, ப்ரீகால்குலஸ் என்று போனால் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்துவிடும், கால்குலஸ் தொடமாட்டாள். பெரிய பள்ளியில் நிலைத் தேர்வு எழுதியோ கோடையில் ஒரு பாடம் முடித்தோ தாண்டலாம். சிறிய சார்ட்டரில் எல்லோருக்கும் ஒரே தடம் என்றால், இன்ஜினியரிங் கனவு ஒன்பதாம் வகுப்பிலேயே சுருங்கிவிடும். கல்லூரித் தரத்திலான ஏபி வகைப் பாடமான கால்குலஸ் பிசி இருக்கிறதா, புதிதாக வரும் பிள்ளை எப்படி அங்கே போய்ச் சேர்வாள் என்று நேராகக் கேளுங்கள்.

யூசி விண்ணப்பத்தை அவரவர் பள்ளியின் சூழலில் வைத்துத்தான் படிக்கிறார்கள். கல்லூரிச் சேர்க்கைத் தேர்வான எஸ்ஏடியின் மதிப்பெண்ணை இப்போது பார்ப்பதே இல்லை. பள்ளியில் முதல் 9 சதவீதத்துக்குள் வரும் பிள்ளைக்கு, கேட்ட வளாகம் எதுவும் கிடைக்காவிட்டாலும் இடமுள்ள ஏதாவது ஒரு வளாகம் உறுதி. 78 பேர் வகுப்பில் அது ஏழு பேர்; கெட்டிக்காரர் நிறைந்த பள்ளியில் அந்த ஏழுக்குள் வருவது கடினம். ஆகவே "கடினமான பள்ளி" என்பதே ஒரு நன்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கல்லூரிக்குப் போனவர் விகிதமும் டேட்டாக்வெஸ்டிலேயே உண்டு. பட்டமளிப்புக்குப் பின் 12 மாதத்தில் யூசி, கால் ஸ்டேட், சமுதாயக் கல்லூரி, தனியார், வெளிமாநிலம் என்று பிரித்துத் தருவார்கள். பேனரில் 98, இங்கே 70 என்றால், இடம் கிடைத்தும் சேராதவர்கள் நிறைய என்று அர்த்தம். பெரும்பாலும் பணம்தான் காரணம். சமுதாயக் கல்லூரி எண்ணைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். டி ஆன்ஸா போன்ற கல்லூரியில் இரண்டாண்டு படித்துவிட்டு யூசிக்கு மாறுவது இங்கே மதிப்பான வழி. டேவிஸ், இர்வைன் உட்பட ஆறு வளாகங்கள் அப்படி வருவோருக்கு நிபந்தனையோடு உறுதிச் சேர்க்கையே தருகின்றன.

"எங்கள் மாணவர்கள் வென்ற உதவித்தொகை இத்தனை மில்லியன்" என்பது, போகாத கல்லூரிகள் தருவதாகச் சொன்ன தொகையையும் சேர்த்த கணக்கு. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மத்திய அரசு தரும் பெல் கிராண்ட் போன்ற உதவியும் அதில் சேர்ந்திருக்கலாம். ஹெச்-1பி ஊழியரின் குடும்பத்துக்குத் தரும் ஹெச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கு அந்த மத்திய அரசு உதவி கிடையாது. உங்கள் குடும்பக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

சார்ட்டரே வேண்டாம் என்பதல்ல நான் சொல்வது. பாஸ்டனில் குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். இரு தரப்பிலும் ஒரேபோல் அக்கறையுள்ள பெற்றோர், எனவே அது நியாயமான ஒப்பீடு. சார்ட்டரில் படித்தவர்களின் எஸ்ஏடி மதிப்பெண் உயர்ந்தது, இரண்டாண்டுக் கல்லூரியிலிருந்து நான்காண்டுக் கல்லூரிக்கு நகர்ந்தவர்கள் கூடினார்கள். நல்ல சார்ட்டர் நிஜமாகவே பிள்ளையைத் தூக்கிவிடும். உங்கள் பக்கத்துப் பள்ளி அப்படிப்பட்டதா என்பதுதான் கேள்வி.

பள்ளிக்குப் போகும்போது கவுன்சிலரிடம், அதாவது மாணவர்களுக்கு வழிகாட்டும் பள்ளி ஆலோசகரிடம், ஸ்கூல் ப்ரொஃபைல் கேட்டு வாங்குங்கள். கல்லூரிகளுக்கு அனுப்பும் இரண்டு பக்கத் தாள் அது. ஜிபிஏ பரவல், ஏபி பாடங்கள், வகுப்பின் அளவு எல்லாம் அதில் இருக்கும். ஒரு கவுன்சிலருக்கு எத்தனை மாணவர் என்று கேளுங்கள்; 250 பேருக்கு ஒருவர் என்பது அவர்கள் சங்கத்தின் பரிந்துரை. பழைய மாணவர்கள் கல்லூரியில் என்ன ஆனார்கள் என்று காட்டும் கிளியரிங்ஹவுஸ் அறிக்கை வாங்குகிறீர்களா, உங்கள் மாணவர்களில் எத்தனை பேர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டுக்குப் போனார்கள், ஆறு ஆண்டில் எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள் என்றும் கேளுங்கள். பெருமைப்படும் பள்ளி உடனே எடுத்துக் காட்டும்.

ஒரு கடைசி விஷயம். குலுக்கல் வழக்கமாகக் குளிர்காலத்திலேயே முடிந்துவிடும், இப்போது காத்திருப்புப் பட்டியல்தான். பெயரைப் பதிந்துவிட்டு, முகவரிப் பள்ளியிலும் இப்போதே சேர்த்துவிடுங்கள். வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, சென்னைத் தடுப்பூசி அட்டை மூன்றையும் எடுத்துப் போங்கள். டெட்டனஸ், டிப்தீரியா, கக்குவான் இருமலுக்கான டிடாப் ஊசி போட்ட பதிவு இல்லாவிட்டால் அன்றே திருப்பி அனுப்புவார்கள். ஆகஸ்ட்டில் சார்ட்டரிலிருந்து அழைப்பு வந்தால் பதில் சொல்ல ஓரிரு நாள்தான் தருவார்கள். மேலே சொன்ன கணக்குகளை இந்த வாரமே போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.